அப்பாவின் கல்லீரலில் ஒரு கண்மாய்

செக்கானூரணியிலிருந்து மதுரை வரும் பஸ்ஸில், நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும்தான் அப்பா அந்தக் கவரை என் மடியில் வைத்தார்.

"என்னான்னு பாரு தாயி. அங்கிட்டு இருந்த புள்ள ஒண்ணுஞ் சொல்லல. டாக்டர்ட்ட காட்டுங்கன்னு மட்டும் சொல்லுச்சு."

வழக்கமாக எடுக்கும் வயிற்று ஸ்கேன்தான். இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, எல்லாம் எங்களுக்குத் தெரிந்த கதை. கடைசி இரண்டு வரிதான் புதுசு. கல்லீரலின் வலது பக்கம் 3.2 செ.மீ. அளவில் கருமையாக ஒரு 'எஸ்.ஓ.எல்.' இருக்கிறது, கான்ட்ராஸ்ட் சி.டி., அதாவது நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி., எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள்.

எஸ்.ஓ.எல். என்றால் இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். அது நீர்க்கட்டியா, சீழ்க்கட்டியா, பிறவியிலேயே இருக்கும் ரத்தநாளக் கொத்தா, புற்றா என்று அந்த மூன்றெழுத்து சொல்லாது. எனக்கு இது தெரியும். பதினோரு வருஷமாக மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இதே மூன்றெழுத்தைப் பார்த்துவிட்டு முகம் வெளிறி நிற்பவர்களிடம் "இதுக்கு அர்த்தம் அது இல்லம்மா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு அதை யாராவது சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்தை மடித்துக் கவரில் போட்டேன். "ஒரு சின்னக் கட்டி மாதிரி இருக்காம்ப்பா. என்னான்னு பாத்துருவோம்" என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காளவாசல் வரைக்கும் இருவரும் பேசவில்லை.

அப்பாவுக்கு அப்போது 66 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாகச் சர்க்கரை. அது மெதுவாகச் சிறுநீரகத்தில் கைவைத்து, சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 2.9 வரை வந்து நின்றிருந்தது. வடிகட்டும் திறனை இ.ஜி.எஃப்.ஆர். என்று கணக்கிடுவார்கள், அவருக்கு அது 23. டயாலிசிஸ் இன்னும் வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் வழக்கமாகக் காட்டும் இடத்துக்குப் போனோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, கான்ட்ராஸ்ட் சி.டி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கிரியேட்டினின் ரிப்போர்ட் அதே ஃபைலில், அடுத்த தாளாகவே இருந்தது. யாரும் புரட்டவில்லை. இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். எனக்குப் படிக்கத் தெரிந்ததால் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன். அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உசிலம்பட்டிக்கார அம்மாவுக்கு அந்தச் சீட்டு வந்திருந்தால், நேராகப் போய்ப் படுத்திருப்பார்.

சி.டி.க்குப் போடும் மருந்தில் அயோடின் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனவர்களுக்குத்தான் யோசிக்க வேண்டும். அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், ஏற்கெனவே தளர்ந்திருப்பதை அது இன்னும் தளர்த்திவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அதையும் மீறி எடுக்கத்தான் செய்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வேறு வழி இருக்கும்போது அதை முதல் வழியாக வைக்கக் கூடாது.

எங்கள் ரேடியாலஜி டாக்டர் அப்பாவின் படங்களைப் பத்து நிமிஷம் பார்த்தார். "சி.டி. இப்ப வேணாம் சிஸ்டர். வியாழக்கிழமை வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க. குமிழி போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

எங்கள் பிரிவில் இதைக் குமிழி ஸ்கேன் என்றுதான் சொல்லிக்கொள்வோம். முறையான பெயர் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட். அந்தப் பெயரைச் சொன்னால் நோயாளிகள் சி.டி. என்று நினைத்துக்கொண்டு பெரிய வளையத்துக்குள் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இல்லை. வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் அதே ஸ்கேன்தான். ஸ்கேன் என்றாலே பிள்ளை வளர்ச்சி பார்ப்பது என்றுதான் நம் ஊரில் பழக்கம். எங்கள் அறை வாசலிலும், எல்லா ஸ்கேன் அறை வாசலிலும் இருப்பதுபோல, குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற அறிவிப்புப் பலகைதான் முதலில் கண்ணில் படும். அந்த அறைக்குள் கல்லீரலில் ரத்தம் ஓடுவதை நொடிக்கு நொடி பார்க்க முடியும் என்பது வெளியே நிறையப் பேருக்குத் தெரியாது.

முதன்முதலில் இந்த ஸ்கேனுக்கு உதவியாக நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நர்ஸிங் படிக்கும்போது எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே சிரிஞ்சைச் சுண்டிக் காற்றை வெளியேற்றுவதுதான். டிரிப் குழாயில் ஒரு குமிழி ஓடினால் கை தானாக அங்கே போய்விடும். அப்படிப் பழகிய கையில் ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, இதில் இருப்பதெல்லாம் குமிழிதான், நரம்பில் ஏற்று என்றால் எப்படி இருக்கும்? எனக்குக் கை நின்றுவிட்டது. டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கினார். நம் ரத்தச் சிவப்பணு ஒன்று 7, 8 மைக்ரோமீட்டர் இருக்கும். இந்தக் குமிழி சராசரியாக 2.5 மைக்ரோமீட்டர். சிவப்பணு நுழைந்து போகிற எந்தச் சந்திலும் இது அடைக்காமல் போய்விடும். அதைச் சுற்றி பாஸ்போலிப்பிட் என்ற மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கிறது. உள்ளே இருப்பது சாதாரணக் காற்று இல்லை. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு. அது ரத்தத்தில் லேசில் கரையாது, அதனால்தான் குமிழி சில நிமிஷமாவது தாக்குப்பிடிக்கிறது. பெரியவர்களின் கல்லீரலுக்கு நாங்கள் போடும் 2.4 மில்லியில் இருக்கும் மொத்த வாயுவும் 20 மைக்ரோலிட்டருக்குள்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பாதிகூட இல்லை.

வேலை முடிந்ததும் அந்த வாயு எங்கே போகிறது என்பதுதான் அப்பாவைப் போன்றவர்களுக்கு முக்கியம். நுரையீரல் வழியாக மூச்சில் போய்விடுகிறது. பெரும்பகுதி முதல் சில நிமிஷத்துக்குள்ளேயே. சிறுநீரகத்துக்கு இதில் வேலையே கிடையாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் போடலாம். கதிர்வீச்சும் இல்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்டுக்குக் காற்று பரம எதிரி. "குடலில் வாயு இருப்பதால் கணையம் தெளிவாகத் தெரியவில்லை" என்ற வரியை எத்தனை ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். ஒலி அலை காற்றில் பட்டதும் அப்படியே திரும்பிவிடும். அந்தக் குற்றத்தையே குணமாக்கியதுதான் இந்த ஸ்கேன். 1968இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கிராமியாக், ஷா என்ற இரண்டு மருத்துவர்கள், இதயத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தியபோது எக்கோவில் மேகம்போல ஒரு கூட்டம் ஓடுவதைக் கவனித்து எழுதினார்கள். ஊசியோடு போன நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் அந்த மேகம். அந்தக் குமிழியை ரத்தக் குழாய்க்குள் நுரையீரலையும் தாண்டி உயிரோடு கொண்டுபோகப் பல வருஷம் பிடித்தது. நாங்கள் போடும் இந்தக் குமிழி மருந்து, சோனோவ்யூ என்று பெயர், ஐரோப்பாவில் அனுமதி பெற்றது 2001இல். அமெரிக்காவில் அதே மருந்தை வேறு பெயரில், கல்லீரல் கட்டிகளைப் பார்ப்பதற்காக, குழந்தைகளுக்கும் சேர்த்து அனுமதித்தது 2016இல்.

இன்னொரு தற்செயலும் உண்டு. குமிழி மேல் ஒலி படும்போது அது சும்மா இருப்பதில்லை, சுருங்கி விரிகிறது. சில மைக்ரோமீட்டர் அளவுக் குமிழி தானாக அதிரும் அலைவரிசையும், வயிற்றைப் பார்க்கும் புரோப் அனுப்பும் அலைவரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. அதிரும் குமிழி தனக்கென்று ஒரு குரலில் பதில் சொல்கிறது. கல்லீரல் சதையின் குரல் வேறு. மெஷின் சதையின் குரலை அடக்கிவிட்டுக் குமிழியின் குரலை மட்டும் திரையில் காட்டுகிறது. இதற்கு ஒலியின் அழுத்தத்தை மிகவும் குறைத்து வைக்க வேண்டும். கூட்டினால் குமிழிகள் உடைந்துவிடும்.

வியாழக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் வெள்ளனே வந்துவிட்டார்கள். லைன் போடுவதை வேறு யாரிடமும் விடவில்லை, நானே போட்டேன். வலது கையில், முழங்கை மடிப்பில், ரோஸ் கலர் வென்ஃப்ளான், அதாவது 20 கேஜ். ஊசி மெலிந்தால் குமிழிகள் நசுங்கி உடைந்துபோகும், அதனால் நீலம், மஞ்சள் எல்லாம் ஆகாது. இடது கையை நான் யாரையும் தொட விடுவதில்லை. பின்னால் ஒருநாள் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட வேண்டிவந்தால் அந்தக் கை நரம்பு வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களின் வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத கையில் ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ விடாதீர்கள்.

அம்மாவுக்குத்தான் பயம். "காத்து ஊசி போட்டா ஆளு முடிஞ்சுபோகும்பாகளே ஆத்தா" என்று என் காதில் கேட்டார். எனக்கு டாக்டர் சொன்னதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன். அப்பா அதற்குள் மேஜை மேலிருந்த மருந்து அட்டைப் பெட்டியை எடுத்து, கண்ணாடியைத் தூக்கி, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடுன்னு போட்டுருக்கு. இது எஸ்.எஃப். 6 தானே?"

"ஆமாப்பா."

"நம்ம சப்ஸ்டேஷன் பிரேக்கர்ல அடைக்கிற கேஸு. பெரிய லைன ஆஃப் பண்றப்ப உள்ள நெருப்புப் பொறி பறக்கும் பாரு, அத அணைக்கிறதே இதுதான். எதோடயும் சேராது. நல்ல கேஸு தாயி. போடு."

முப்பது வருஷம் எந்த வாயுவின் அழுத்தத்தை மீட்டரில் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தாரோ அதே வாயு. அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் பத்து நிமிஷம் சொல்லியும் போகாத பயம் அப்பாவின் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

குப்பிக்குள் 25 மில்லிகிராம் வெள்ளைப் பொடி, அடியில் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும். 5 மில்லி சலைன் விட்டு, 20 விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். சத்துமாவு கரைப்பதுபோல மெதுவாக இல்லை, பலமாக. தெளிவாக இருந்தது கண்ணெதிரே பால் நிறமாகிவிடும். கலக்கிய மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். சிறிது நேரம் சும்மா வைத்தாலே குமிழிகள் மேலே மிதந்துவிடும், சிரிஞ்சில் எடுக்குமுன் மறுபடி குலுக்கிக்கொள்ள வேண்டும். நான் 2.4 மில்லி எடுத்தேன். பக்கத்திலேயே ஃப்ளஷ் பண்ண 10 மில்லி சலைன். அலர்ஜி வந்தால் போடுவதற்கான டிரே, ஆக்சிஜன், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பெரிய அலர்ஜி மிகவும் அபூர்வம்தான், ஆனாலும் டிரே இல்லாமல் நாங்கள் தொடுவதில்லை. இதய நிலை மோசமாக இருப்பவர்களுக்கு யோசித்துத்தான் போடுவார்கள். அப்பாவுக்கு எக்கோ பார்த்த பிறகுதான் டாக்டர் நாள் குறித்தார். மலச்சிக்கலுக்குத் தருகிற பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ அது கலந்த வேறு மருந்தோ ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அதே வகைப் பொருள் இந்த மருந்திலும் இருக்கிறது.

திரை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் சாதாரணப் படம். அதில் அந்தக் கருமையான வட்டம். வலப்பக்கம் ஏறக்குறைய முழு இருட்டு.

"போடுங்க சிஸ்டர்." நான் மருந்தை ஏற்றி, பின்னாலேயே சலைனைத் தள்ளினேன். டாக்டர் கடிகாரத்தை ஓடவிட்டார். "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்கய்யா. பைய விட்டுட்டே இருங்க."

பத்து நொடி வரை ஒன்றுமில்லை. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. 12ஆவது நொடியில் இருட்டில் தேன் நிறத்தில் ஒரு கோடு மின்னியது, கல்லீரல் தமனி. கோடு கிளையாகி, கிளை இன்னும் கிளையாகி மேலே ஏறியது. அப்போது நான் எதற்குப் பயந்தேன் என்று சொல்கிறேன். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுக்குத் தமனிதான் பெரும்பாலும் ரத்தம் ஊட்டுகிறது. அப்படிப்பட்ட கட்டி முதல் அரை நிமிஷத்துக்குள் சுற்றியிருக்கும் கல்லீரலைவிடப் பளிச்சென்று முழுவதும் எரியும். பிறகு, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல், மெதுவாக மங்கும். வேறு இடத்திலிருந்து பரவி வந்த புற்றாக இருந்தால் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே மங்கி, கடைசியில் ஓட்டை போட்டதுபோலக் கறுத்துவிடும். இரண்டையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில சமயம் டாக்டர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

18ஆவது நொடி. வட்டத்தின் நடு இருட்டாகவே இருந்தது. விளிம்பில் மட்டும் மூன்று நான்கு இடத்தில், உருண்டை உருண்டையாக வெளிச்சம். அது உள்ளே பாயவில்லை. ஓரத்திலேயே தடித்துக்கொண்டு நின்றது. அரை நிமிஷத்தில் உருண்டைகள் ஒன்றோடொன்று தொட்டன. ஒரு நிமிஷத்தில் கரையோரம் முழுக்க வெளிச்சம் சேர்ந்து, நடுவில் கோணல்மாணலாக ஒரு இருட்டு மிச்சமிருந்தது. அந்த இருட்டும் மெதுவாகச் சுருங்கியது. மூன்று நிமிஷத்தில் முழுவதும் நிறைந்துவிட்டது. நான்கு நிமிஷம், ஐந்து நிமிஷம். சுற்றியிருந்த கல்லீரலே மங்கத் தொடங்கியும், அது மட்டும் வடியவில்லை.

டாக்டர் திரையை அப்பா பக்கம் திருப்பினார். ஓடிய படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார். இதை எல்லோரும் செய்வதில்லை, அவர் செய்வார். "பாருங்கய்யா. ஓரத்துல இருந்து உள்ள வருது. வந்தது வெளிய போகல. இது ரத்தநாளக் கொத்து, ஹீமாஞ்சியோமான்னு சொல்வோம். கேன்சர் இல்ல. உங்களுக்கு ஈரல்ல கொழுப்பு இருக்கு. கொழுப்பு ஈரலே வெள்ளையாத் தெரியிறதால, வெள்ளையாத் தெரிய வேண்டிய இது கறுப்பாத் தெரிஞ்சுருச்சு. அதான் பயமுறுத்திட்டாங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு சொன்னார்: "கம்மாய்க்குத் தண்ணி வர்ற மாதிரில்ல இருக்கு."

அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும்போது கண்மாய் ஒரேயடியாக நிறைவதில்லை. கரையோரப் பள்ளங்களில் முதலில் திட்டுத் திட்டாகத் தேங்கும். திட்டுகள் ஒன்றுசேரும். நடுவில் இருக்கும் மேடு கடைசியில்தான் மூழ்கும். சுற்றுவட்டாரத்தில் ஓடையெல்லாம் வற்றிய பிறகும் கண்மாயில் தண்ணீர் நிற்கும். ஊர்ப் பெயரிலேயே ஊரணியை வைத்திருக்கும் ஊரில் பிறந்தவருக்கு அது பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஹீமாஞ்சியோமாவில் ரத்தம் மெதுவாக ஊறும் சின்னச் சின்னக் குளங்களாகத்தான் இருக்கிறது. அந்தக் குளத்தில் குமிழி தங்கிவிடுகிறது. குமிழிகள் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசியாது என்பதால், திரையில் தெரிவதெல்லாம் ரத்தம் போகும் இடம்தான்.

அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வியாழன் வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்து போட்டவர்களை அரை மணி நேரம் இருக்கவைத்துத்தான் அனுப்புவோம். அந்த அரை மணி நேரம் நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் கண்மாயாகவே இருப்பதில்லை. அதையும் எழுதாவிட்டால் இது பொய்யாகிவிடும்.

நெஞ்சுக்கும் இதே ஸ்கேன் போடுகிறோம் என்றால் மற்றப் பிரிவு நர்ஸுகளே நம்புவதில்லை. நுரையீரல் முழுக்கக் காற்று, ஒலி எப்படிப் போகும் என்பார்கள். உண்மைதான், காற்று நிறைந்த நுரையீரலுக்குள் இது போகாது. உள்ளே ஆழத்தில் இருக்கும் கட்டி இதில் தெரியாது, அதற்கு சி.டி.தான். ஆனால் நுரையீரலின் ஒரு பகுதி காற்றை இழந்து கெட்டியாகி, நெஞ்சுச் சுவரைத் தொட்டுக்கொண்டு இருந்தால், விலா எலும்புச் சந்து வழியாக நன்றாகவே தெரியும். மதுரைப் பக்கம் நெஞ்சுப் படத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்தால் முதலில் டி.பி. பார்ப்பார்கள், தோப்பூர் டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அது சரியான முதல் கேள்வி. சளியில் டி.பி. இல்லை, மருந்து சாப்பிட்டும் வெள்ளை குறையவில்லை என்னும்போதுதான் எங்களிடம் வருகிறார்கள்.

நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நேராக வரும் நுரையீரல் தமனி ஒன்று. இடப்பக்கம் போய், மகாதமனியிலிருந்து பிரியும் மூச்சுக்குழாய்த் தமனி இன்னொன்று. நிமோனியாவில் நுரையீரல் சதை அப்படியே இருக்கிறது, காற்றுக்குப் பதில் சளியும் நீரும் நிறைந்திருக்கிறது. அதனால் நேர் வழியில் குமிழி வந்து, பத்து நொடிக்குள் முழுவதும் ஒளிர்ந்துவிடும். புற்றுக்கட்டி பெரும்பாலும் சுற்று வழியில்தான் ரத்தம் வாங்குகிறது, அதனால் தாமதமாகும். ரத்தக்கட்டி அடைத்துச் செத்துப்போன பகுதியாக இருந்தால் ஒளிராது. இந்த நொடிக் கணக்கு எல்லா நேரமும் தப்பாமல் நடக்கும் என்று டாக்டர் சொல்ல மாட்டார். நோயாளியின் காய்ச்சல், எடை, பழைய படம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

ஒரு அண்ணன் வந்தார். ஊர், பேர் வேண்டாம். நாலு மாதமாக இருமல், எடை குறைந்துகொண்டே போகிறது, டி.பி. இல்லை. வேறு இடத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். 'செத்த திசு மட்டுமே உள்ளது' என்று ரிப்போர்ட். மறுபடி குத்துவதா என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் மனசே இல்லை. சாதாரண ஸ்கேனில் அது ஒரே மாதிரியான சாம்பல் கட்டி. குமிழி போட்டதும் பாதிக்கு மேல் இருட்டு. 14ஆவது நொடிக்குப் பிறகு, கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மங்கலாக ஒளி வந்தது. முதல் ஊசி நடுவில் போயிருக்கிறது, அங்கே உயிருள்ள சதையே இல்லை. டாக்டர் ஒளிர்ந்த இடத்தைக் குறிவைத்து ஊசியைச் செலுத்தினார். நான்கு துண்டு எடுத்தோம். பார்மலின் பாட்டிலில் நான்கும் மிதக்காமல் அடியில் போய்ப் படிந்தன. புற்று என்றுதான் வந்தது. அவர் மனைவி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இதையே மொதல்லயே பண்ணியிருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்குமா சிஸ்டர்?" நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மிச்சமாயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்று சொல்ல முடியவில்லை.

ஈரலில் சீழ்க்கட்டியோடு வருபவர்கள் இங்கே நிறைய. அமீபாவால் வருவது, குடிப்பவர்களிடம் அதிகம். ஊசி விட்டு இழுத்தால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் வரும். நம் பாட்டிமார் கட்டி பழுத்திருக்கா என்று அமுக்கிப் பார்ப்பார்களே, அதே கேள்விதான் இங்கேயும். பழுக்காத கட்டியில் டியூப் போட்டால் ஒன்றும் வராது. சாதாரண ஸ்கேனில் பழுத்ததும் பழுக்காததும் சில நேரம் ஒரே மாதிரி இருக்கும். குமிழி போட்டால் பழுத்து நீரான இடம் சுத்தமாக இருட்டாக நிற்கும்; பழுக்காத தடுப்புகள் தேன்கூடுபோல ஒளிரும். எங்கே டியூப் போடுவது, இப்போது போடுவதா, மருந்திலேயே விடுவதா என்று முடிவெடுக்கலாம். நெஞ்சுக்கூட்டில் சீழ் கோத்துக்கொண்டு டியூப் போட்டும் வடியாதபோது, அந்த டியூப் வழியாகவே சலைனில் கலந்த ஒன்றிரண்டு சொட்டு விட்டு, அறைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா, தனித்தனியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. சி.டி. வயிறு முழுவதையும் ஒரே மூச்சில் காட்டிவிடும். இதில் ஒரு நேரத்தில் ஒரு கட்டியைத்தான் முதல் நொடியிலிருந்து பின்தொடர முடியும். இரண்டாவது கட்டி இருந்தால் இரண்டாவது ஊசி. உடம்பு பெருத்தவர்களுக்கு, ஆழத்தில் இருப்பதற்குத் தெளிவு குறையும். எல்லாவற்றுக்கும் மேல், பார்க்கும் கண்ணையும் பிடிக்கும் கையையும் நம்பிய ஸ்கேன் இது. குப்பி விலையும் சாதாரண ஸ்கேனைவிடக் கூடுதல். எங்களிடமே சொல்லிவைத்துத்தான் வரவழைக்கிறோம், எல்லா ஊரிலும் இருக்காது. இருக்கிற இடத்திலாவது கேட்பார் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். ஈரலில் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், கிரியேட்டினின் ரிப்போர்ட்டை அதற்கு மேலே வைத்து டாக்டரிடம் நீட்டுங்கள். "கிட்னி இப்படி இருக்கு, குமிழி போட்டு அல்ட்ராசவுண்ட் பாக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது, சி.டி.தான் வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் சரி. பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னாலும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

போன வாரம் அப்பாவுக்கு ஆறு மாதச் சோதனை. கிரியேட்டினின் 2.8. டாக்டர் புரோப்பை வைத்து அளந்தார்; 3.2, அப்படியே இருந்தது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஜெல்லைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடும்போது அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அந்தக் கேஸு போடலையா தாயி?"

"வேணாம்ப்பா. அளவு பாத்தாப் போதும்னு சொல்லிட்டாரு."

"அப்படியா. கம்மா நெறயிறத இன்னொருக்காப் பாப்போம்னு வந்தேன்."